இருபத்தைந்து கன்றுகளோடு தொண்டிக்கு

பிப்ரவரி 5, வியாழன்: மதுரையிலிருந்து தொண்டி

மாட்டுத்தாவணியில் கண்டக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலடியில் இருந்த இரண்டு சாக்குப் பைகளைத்தான் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மரக்கன்று. இருபத்தைந்து."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து நீட்டி, "கோழிக்குக் கொடுத்திருக்கிறேன், ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்திருக்கிறேன். மரத்துக்கு இதுதான் முதல்" என்றார். 20 ரூபாய். நர்சரியில் கன்று ஒன்றுக்கு 2 ரூபாய் குறைக்க அரை மணி நேரம் மல்லுக்கட்டியவள் நான். அந்த 20 ரூபாய் சிவகங்கை தாண்டும்வரை உறுத்திக்கொண்டே வந்தது.

31 வருடம் தமிழாசிரியையாக இருந்துவிட்டுப் போன மே மாதம் ஓய்வு பெற்றேன். பள்ளியில் மரம் நடு விழா என்றால் அது என் தலையில்தான் விடியும். ஊர்ப் பிரமுகர் வருவார், பன்னீர் தெளிப்போம், கன்றை நால்வர் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கப் புகைப்படம் எடுப்போம். மறு வருடமும் நடுவோம், அதே குழியில். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குழிக்கு நான் ஐந்து முறை மண் தள்ளியிருக்கிறேன். ஐந்து முறையும் கைதட்டினார்கள்.

தம்பி மகள் தொண்டியில் படிக்கிறாள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோர ஆய்வுத் துறை காரைக்குடியில் இல்லை, தொண்டியில் இருக்கிறது. கடலைப் படிக்கிறவர்கள் கடல் காற்று படும் இடத்தில் இருப்பது நியாயம்தான். "அத்தை, நானும் மூன்று தோழிகளும் ஓர் உவர் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பார்க்கிறோம். வந்து ஐந்து நாள் இருங்கள்" என்று போனில் சொன்னாள். நிலம், பழைய நிலை என்ற இரண்டு சொற்களும் காதில் விழுந்த உடனே என் கால் நர்சரிப் பக்கம் போய்விட்டது. வேம்பு, மகிழம், சரக்கொன்றை.

காளையார்கோவில் தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான். திருவாடானைக்குப் பிறகு நடுநடுவே மிளகாய்த் தோட்டங்கள் வந்தன. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியில் இப்போதுதான் சிவப்பேறத் தொடங்கியிருக்கிறது, கோலிக்குண்டு அளவில். பக்கத்து இருக்கைக்காரர், "சாம்பாரில் போட்டால் நிறம் வராதம்மா, வாசம் வரும்" என்று கேட்காமலே சொல்லிக்கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் தம்பி மகள் பைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, "நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் அத்தை" என்றாள். இரவு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். எனக்குப் பாயா வேண்டாம் என்றதும் கடைக்காரர் கிண்ணம் நிறையத் தேங்காய்ப்பால் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து 140 ரூபாய். தேங்காய்ப்பாலுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "விருந்தாளிக்குப் பாலுக்குக் காசு வாங்கினால் கடை விளங்குமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி: குட்டை

தை முடியப்போகிறது, வாடைக் காற்று இன்னும் அடங்கவில்லை. காலை ஆறரைக்குக் கடலோரம் நடந்தபோது சேலைத் தலைப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கரை முழுக்கக் கடல்புல் ஒதுங்கிப் பழுப்பு நிறத்தில் மெத்தைபோலக் கிடந்தது. மீனவர்கள் இதைத் தாழை என்கிறார்கள். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த தாழை மணக்கும் பூ. இது நாறுகிறது. ஆனால் ஆவுளியா என்கிற கடல் பசுவுக்கு இதுதான் சோறு. இங்கிருந்து வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை அந்த ஆவுளியாவுக்காகவே 2022இல் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள்.

அவர்களுடைய நிலம் வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரம். பார்த்ததும் ஏமாற்றம். ஒரு காலத்தில் இறால் குட்டையாக இருந்து கைவிடப்பட்ட இடம். நாலு பக்கமும் மண் கரை, கரை மேல் கருவை, உள்ளே வெடித்த வெள்ளைத் தரை, ஓரத்தில் மட்டும் செக்கச்செவேலென்று உமரி, உப்பு மண்ணில் வளரும் செடி. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இந்தக் கரையோரம் முழுக்க இப்படி வெட்டினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக ஒரு பெரிய தீர்ப்புக் கொடுத்தது. 2005இல் தனிச் சட்டம் போட்டு, அதற்கென ஓர் ஆணையத்தையும் அமைத்து, விதிகளோடு நடத்தலாம் என்றார்கள். இதற்கிடையில் நோய் வந்தும் கடன் முற்றியும் விட்டுப்போன குட்டைகள் அப்படியே கிடக்கின்றன. இந்த ஒன்றில் கை வைக்க அனுமதி கேட்டு நான்கு பெண்களும் ஐந்து மாதம் அலைந்தார்களாம். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. மேசைக்கு மேசை காகிதம் நகர்ந்த கதையை அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்குத்தான் கோபம் வந்தது.

"சரி, குழி எங்கே தோண்ட வேண்டும்?" என்றேன்.

"அத்தை, இங்கே எதுவும் நடப்போவதில்லை."

"அப்புறம் எதற்கு என்னைக் கூப்பிட்டாய்?"

"மண்வெட்டி பிடிக்க."

விளக்கினாள். பாக் நீரிணையில் கடல் ஏறி இறங்கும் அளவு குறைவு. முழங்கால் உயரத்துக்குள்தான் எல்லாம். அதனால் ஓர் அடி மண் மேடு குறுக்கே நின்றாலும் தண்ணீர் உள்ளே வராது. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழை மட்டும் உள்ளே தேங்கும், தை மாசியில் வற்றும், உப்பு தங்கிவிடும். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் உப்பு. கடல் நீரைவிடப் பல மடங்கு கரிக்கும் அந்த மண்ணில் உப்புச் சேற்றிலேயே வளரும் அலையாத்தி மரமான கண்டலே முளைக்காது, பிறகல்லவா என் மகிழம்? கரையை இரண்டு இடத்தில் உடைத்து, ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினால், ஏற்றத்தில் கடல் உள்ளே வந்து, வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கெட்டுப்போன அலையாத்திக் காட்டை இப்படித்தான் மீட்டார்கள். விதை? அது தானே மிதந்து வரும், பக்கத்தில் தாய் மரங்கள் இருந்தால்.

பெரிய வாய்க்காலை எந்த வழியில் வெட்டுவது என்பதில்தான் எனக்குப் பிடித்த கதை இருக்கிறது. பெண்கள் செயற்கைக்கோள் படம் வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்துத் தெரு மீனவப் பெரியவர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல், படத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டாராம். கையில் இருந்த கம்பால் தரையில் கீறிக்கொண்டே நடந்திருக்கிறார். "இங்கே வளையும். இங்கே ஆழம், நண்டு பிடிப்போம். இங்கே என் தம்பி விழுந்தான்." அவர் கீறிய கோடும் படத்தில் இருந்த கோடும் நாலைந்து எட்டு வித்தியாசத்தில் ஒன்றாகப் போயிருக்கின்றன. கரை கட்டுவதற்கு முன்னால் ஓடை போன பாதை அது. இன்றைக்கும் அவர் வந்திருந்தார். என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. குரலாகத்தான் இருக்கும்.

மண்வெட்டி எனக்கு முக்கால் மணி நேரம்தான் தாங்கியது. சேறு வெட்டுவது மண் வெட்டுவது போல அல்ல. வெட்டிய துண்டு மண்வெட்டியை விடாது, விட்டால் வெட்டிய இடத்துக்கே வழுக்கித் திரும்பும். பிறகு என்னைக் கருவைக்கு மாற்றினார்கள். பிடுங்க வேண்டியது கரை மேல் இருக்கும் சின்னச் செடிகளை மட்டும். பெரியதை மேலே வெட்டினால் பத்துக் கிளையாகத் தழைக்கும், தூரோடு தோண்ட வேண்டும், அதற்கு ஆள் பலம் கிடையாது. கருவையை ஒழிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டபோது எங்கள் பள்ளியிலும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனோம். வெட்டினோம், படம் எடுத்தோம், தூரை விட்டுவிட்டு வந்தோம். அது மறுபடி தழைத்ததைச் சொல்ல வேண்டுமா? இந்த மாவட்டத்தில் மழை பொய்த்த வருடங்களில் கரி மூட்டம் போட்டுக் கருவையால் உலை வைத்த குடும்பங்கள் எத்தனையோ. பெரியவர், "அது சனியன்தான் டீச்சர். ஆனால் சோறு போட்ட சனியன்" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவும் என் வலது காலில் முள் ஏறவும் சரியாக இருந்தது. ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிவிட்டது. கத்திய கத்தலில் உள்ளான் பறவைகள் எல்லாம் பறந்தன. பெரியவரின் மனைவியை அழைத்து வந்தார்கள். தாலிக் கயிற்றிலிருந்தா என்று நினைக்காதீர்கள், முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைத்தான் எடுத்தார். நெருப்பில் காட்டி, ஒரே நெம்பு. முள்ளை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டி, "கருவை முள் உள்ளே முறிந்தால் மாசக் கணக்கில் இருக்கும், உங்களுக்கு முழுசாக வந்துவிட்டது, யோகம்" என்றார். பிறகு விளக்கெண்ணெய் சுட வைத்து ஓர் ஒத்தடம். ஊர் பெயர், பிள்ளைகள் எத்தனை, பென்ஷன் எவ்வளவு எல்லாம் அந்த ஒத்தடத்துக்குள் கேட்டு முடித்துவிட்டார். ஜும்ஆ முடிந்து கடைகள் திறந்த பிறகே மதியச் சாப்பாடு. அதுவரை அவர்கள் வீட்டுத் திண்ணையில் அவித்த பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம்.

தம்பி மகளிடம் கேட்டேன், இந்த யோசனை எங்கே கிடைத்தது என்று. கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓர் உப்பங்கழி இருந்ததாம். 1960களில் அதன் மேல் பகுதியை மண் போட்டு நிரப்பிக் கோல்ஃப் மைதானம் ஆக்கினார்கள். 2013இல் அந்த மைதானம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. 2017இல் போட்ட மண்ணைத் திரும்ப அள்ளத் தொடங்கி, இப்போது சுற்றுப்புறத்தோடு சேர்த்து 136 ஏக்கர் திறந்த வெளியாக, மாணவர்களும் ஊர்க்காரர்களும் களை பிடுங்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். "அவர்களிடம் புல்டோசர் இருந்தது, எங்களிடம் நீங்கள் இருக்கிறீர்கள் அத்தை" என்றாள். கொழுப்பு.

பிப்ரவரி 7, சனி: காரங்காடு

கால் வலி பரவாயில்லை. தொண்டிக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க் கிளை பிரிந்தால் காரங்காடு. கோட்டக்கரை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். "நாங்கள் வெட்டும் இடம் இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று இங்கே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தம்பி மகள் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

படகோட்டி இளைஞர் குறைவாகப் பேசினார். அதற்காகவே அவருக்கு ஒரு நன்றி. பொதுவாகச் சுற்றுலாப் படகில் ஏறினால் ராமாயணத்தில் தொடங்கி விடுவார்கள். இவர் எஞ்சினை அணைத்துவிட்டு, கையை நீட்டி, "கேளுங்கள்" என்றார். சேற்றுக்குள்ளிருந்து டக் டக்கென்று சத்தம். இறாலும் நண்டும் என்றார். இங்கே மிகுதியாக இருப்பது வெண்கண்டல். தரையிலிருந்து பென்சில் நட்டதுபோல ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள். ஓர் இலையைப் பறிக்காமல் அப்படியே நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு. வேண்டாத உப்பை இலை வழியாகக் கக்கிவிடுகிறது. எதிர்ச் சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டுகள், கொடுக்கை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தன. பள்ளியில் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

அப்புறம் படகு சிக்கியது. வற்றம் தொடங்கிவிட்டதைப் பார்த்து இளைஞர் திருப்பத்தான் செய்தார். ஆனால் எங்களோடு ஏறியிருந்த குடும்பத்துத் தலைவர் இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு வளைவு என்று நச்சரித்தார். மூன்றாவது வளைவில் தரை தட்டியது. ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். நச்சரித்தவர் வெள்ளை வேட்டி. இடுப்பளவு சேற்றில் அவர் இறங்கிய காட்சியை நான் வர்ணிக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் தள்ளினார், கரை சேர்ந்ததும் இளைஞரிடம், "என் தப்புதான் தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரைப் பற்றி அதுவரை நினைத்ததை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மதியம் ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு. முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். நண்டு ரசம், ஓரா மீன் குழம்பு. ஓரா கடல்புல்லை மேய்ந்து வளரும் மீன், அதனால் அதற்கு ஒரு தனி வாடை உண்டு, பிடித்தவர்களுக்கு அதுதான் பிடிக்கும். எனக்குப் பிடித்தது. சைவம் அசைவம் என்று வாரத்தைப் பிரித்து வைத்திருப்பவள் நான், சனிக்கிழமை அசைவம் தொடுவதில்லை. ரசத்தின் வாசனை வந்தபோது அந்த ஏற்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தேன். குண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டிருந்தார்கள். மூக்கிலிருந்து தண்ணீர் வழிய வழிய மூன்று டம்ளர் குடித்தேன். பரிமாறிய அம்மாள் சொன்னார்: "காட்டுக்குள் நுழைந்து விறகு ஒடிப்போம் அப்போதெல்லாம். இப்போது யாராவது ஒடித்தால் எங்கள் பிள்ளைகளே சண்டைக்குப் போகிறார்கள். காடு இருந்தால்தானே படகு, படகு இருந்தால்தானே ரசம்?"

பிப்ரவரி 8, ஞாயிறு: தனுஷ்கோடி

ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடிக்குப் போகக்கூடாது. அறிவு இருந்தும் போனோம். காலை ஐந்துக்குக் கிளம்பி, ராமநாதபுரத்தில் பஸ் மாறி, பாம்பன் பாலத்தைத் தாண்டும்போதே வேன்கள் வரிசை. இடது பக்கம் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமும் 1914ஆம் வருடத்துப் பழைய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

கோதண்டராமர் கோயில் பக்கத்துச் சேற்று ஏரியில் பூநாரைகள். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு, அவ்வளவுதான். வாடகைக்குக் கிடைத்த பைனாகுலரில் பார்த்தால் ஒவ்வொன்றும் தலையைக் கவிழ்த்து, மூக்கால் சேற்றைச் சலித்துக்கொண்டே, கூட்டமாக ஒரே பக்கம் நகர்ந்தன. 2025 ஜூனில் இந்தப் பகுதியில் 500 ஹெக்டேருக்கு மேல் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒருவர், "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, மரம் வைத்தால் நிழலாவது இருக்கும்" என்றார். நான்கு நாள் முன்பு நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பூநாரைக்கு வேண்டியது கண்ணுக்கு எட்டிய தூரம் தடையில்லாத வெளி, கணுக்கால் தண்ணீர், அதில் நுண்ணுயிர். மரம் வந்தால் அது போய்விடும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் இப்படிப்பட்ட நிலங்களுக்குத் தரிசு என்று பெயர் எழுதுவோம். நாற்பது வருடத் தமிழ்ப் பழக்கத்தில் எனக்கு அந்தச் சொல் முதல் முறையாகப் பொய்யாகப் பட்டது. அவரிடம் இதைச் சொல்லத் தொடங்கினேன். தம்பி மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனைக்குப் போகும் சாலை 2017இல் திறந்தது. அதற்கு முன் மணலில் ஜீப்தான். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பன் பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அடித்துப்போனது, ஊர் போனது. சிதைந்த தேவாலயச் சுவருக்கு முன்னால் இப்போது சிப்பி மாலையும் வறுத்த மீனும் விற்கிறார்கள். ஒரு மீன் 150 ரூபாய் சொல்லி, நான் எழுந்து நடந்ததும் 100 ஆனது. வலது கைப் பக்கம் சீறும் ஆண் கடல், இடது கைப் பக்கம் அமைதியான பெண் கடல் என்பது ஊர்ப் பேச்சு. வாடைக் காலத்தில் இது தலைகீழ். இன்றைக்குப் பெண் கடல்தான் சீறிக்கொண்டிருந்தது, ஆண் கடல் குளம் மாதிரி படுத்துக் கிடந்தது.

இங்கேதான் அடும்பைப் பார்த்தேன். 31 வருடம் நெய்தல் திணை நடத்தினேன். அடும்பின் இலை மானின் குளம்புபோலப் பிளந்திருக்கும் என்று கரும்பலகையில் படம்கூடப் போட்டிருக்கிறேன், தவறாக. உண்மையான இலை அதைவிடச் சதைப்பற்று, பளபளப்பு. மணல் மேட்டில் கொடி கொடியாக ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைத் தைத்து வைத்திருக்கிறது. பக்கத்தில் ராவணன் மீசை. அந்தப் புல்லுக்கு இந்தக் கரையில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முள்ளுருண்டை போன்ற அதன் விதைத் தலை காற்றில் உருண்டு என் காலைத் தாண்டி ஓடியது. முள் பட்ட காலை நான் அனிச்சையாகத் தூக்கினேன். சுனாமிக்குப் பிறகு கடற்கரையெங்கும் சவுக்கு வைத்தார்கள். காற்றைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் அதன் சருகு மெத்தையில் அடும்பு வராது, முட்டையிட வரும் ஆமைக்கு வேர் தடுக்கும் என்கிறாள் தம்பி மகள். ஆமை முட்டைகளை வனத்துறை எடுத்துவந்து வேலி கட்டிப் புதைத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் தேதி எழுதிய அட்டை. இந்த மாதிரிக் குழிகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இங்கே ஒவ்வொரு குழிக்கும் என்ன ஆனது என்று யாரோ திரும்பி வந்து பார்க்கிறார்கள்.

குப்பையைப் பற்றி எழுதினால் இரத்த அழுத்தம் ஏறும். ஒரே ஒரு விஷயம். பாலிதீன் பையை மணலில் போட்ட இளைஞனிடம் வாத்தியார் குரலில், "எடு" என்றேன். எடுத்தான். எடுத்துவிட்டு, "இங்கே தொட்டி எங்கேம்மா இருக்கிறது?" என்றான். சுற்றிப் பார்த்தேன். இல்லை. அதை நான்தான் மதுரை வரை சுமந்தேன்.

திரும்பும் வழியில் பாம்பன் டீக்கடையில் கடல் பாசி எடுக்கும் பெண்மணி ஒருவர். சேலைக்கு மேல் ஆண் சட்டை, விரல்களில் துணி சுற்றிய தழும்பு. சின்னப்பாலத்துக்காரர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு தீவோரம் போனால் பிடித்துக்கொண்டு போவார்களாம். பிறகு இந்தப் பெண்களே கூடி, மாதத்தில் இத்தனை நாள் மட்டும், கையால் மட்டும், இரும்பு கொண்டு சுரண்டக்கூடாது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். இவர்களின் தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. "பரிசு பேப்பரில் வந்தது. பாசி விலை பேப்பரில் வராது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று விரல் விட்டார். மூங்கில் மிதவையில் வளர்க்கும் வெளிநாட்டுப் பாசி ஒன்றும் உண்டு. கைக்குக் காசு வருகிறது. ஆனால் அது குருசடைத் தீவுப் பவளப்பாறையில் ஏறிப் படர்ந்துவிட்டதை 2008லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். அதைப் பற்றிக் கேட்டேன். "வளர்ப்பதும் நாங்கள்தான், பிய்த்து எடுக்கக் கூலிக்குக் கூப்பிட்டால் போவதும் நாங்கள்தான்" என்றார். என் டீக்கும் சேர்த்து அவரே 24 ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தடுக்க எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்: தொண்டியிலிருந்து மதுரை

கிளம்புவதற்கு முன் ஒரு நடை குட்டைப் பக்கம் போனோம். ஏற்றம். உடைத்த கரை வழியாகத் தண்ணீர் பெரிய வாய்க்காலில் நுழைந்து, முதல் கிளை, இரண்டாம் கிளை, அப்புறம் நான் முக்கால் மணி நேரம் வெட்டிய மூன்றாம் கிளையின் வாயில் வந்து நின்றுவிட்டது. ஒரு கட்டிச் சேறு தடுக்கிறது. நான் வெட்டிச் சரியாக ஒதுக்காமல் விட்டது. பெரியவர் குனிந்து கையாலேயே அதை எடுத்து அப்புறம் போட்டார். தண்ணீர் ஒரு சாண் போனது. இன்னும் ஒரு சாண். வெள்ளைத் தரை கறுத்துக்கொண்டே வந்தது. பார்த்துக்கொண்டே நின்றதில் எட்டரை மணி பஸ்ஸை விட்டோம்.

கன்றுகள்? அவற்றுக்கு இடம் தேட மூன்று மாலைகள் செலவாகியிருக்கின்றன. நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கும் தெருக்களாகப் பார்த்து வீடு வீடாக ஏறினேன். வாங்க எல்லோரும் தயார். "யார் தண்ணீர் ஊற்றுவது?" என்று நான் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். பெயர் சொன்னவர்களிடம் மட்டும் கொடுத்தேன். பதினான்கு போயிற்று. பெரியவரின் மனைவி சரக்கொன்றை ஒன்றை வாங்கிக்கொண்டு, "நான் ஊற்றுகிறேன். நான் மறந்தால் மருமகள் ஊற்றுவாள். நீங்கள் வந்து பார்ப்பீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். சித்திரையில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். மீதி பதினொன்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பக் கட்டிக்கொண்டேன்.

ஒன்பதேகால் பஸ். அதே கண்டக்டர். ஒரு சாக்கில் கன்றுகள், இன்னொன்றில் பனங்கிழங்கும் கருவாடும்.

"என்னம்மா, கன்றைத் திரும்பக் கொண்டுபோகிறீர்கள்? அங்கே குழி தோண்ட விடவில்லையா?"

"தோண்ட விட்டார்கள். நடத்தான் விடவில்லை."

அவருக்குப் புரியவில்லை. கன்றுகளுக்கு இன்றைக்கு டிக்கெட் வேண்டாம் என்றார். கருவாட்டுக்குப் போட்டார், 20 ரூபாய்.